ஆவ்ரில் வீட்டுக் கரி

செப்டம்பர் 3, 2024, செவ்வாய்

வலது முழங்கால் படி இறங்க மாட்டேன் என்கிறது. பால் திரிந்துவிட்டது. கடைக்குப் போக அலுப்பாக இருந்ததால் கறுப்புத் தேநீரையே குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பதினோரு மணிக்கு நூலகத்து சியான் வந்தாள். எங்கள் ஜெபக்கூடமான பெத்தானியா சேப்பலை விற்றாகிவிட்டது, அது தெரியும். உள்ளே எட்டுக் குடியிருப்புகள் கட்டப்போகிறார்களாம். அதற்குமுன் அக்டோபர் பன்னிரண்டாம் தேதி பின்கூடத்தில் கடைசித் தேநீர் விருந்து. ஊர்க்காரர்களின் பழைய நினைவுகளைச் சின்னப் புத்தகமாகப் போட்டு அன்றைக்குக் கொடுக்கப்போகிறாள்.

"நீங்க ரெண்டு பக்கம் எழுதணும் ஆன்ட்டி நெஸ்டா. அன்னிக்கு நீங்களே வாசிக்கணும். ஆல்மா தெருவுல அந்தக் காலம் தெரிஞ்சவங்க வேற யாரு இருக்கா?"

எதிர்வீட்டு ஜன்னலைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கோப்பையைப் பார்த்தேன்.

"எல்லாரும் ஒரே குடும்பமா இருந்தீங்கல்ல, அதை எழுதுங்க. கரி தூக்கின கதைய எழுதுங்க. எங்கம்மா அதைச் சொல்லிச் சொல்லி அழுவாங்க."

சரி என்றேன். மறுக்கவும் தெம்பு வேண்டுமே.

செப்டம்பர் 5, வியாழன்

எழுதியாகிவிட்டது. எழுதியதன் சாரத்தை இங்கேயும் வைக்கிறேன்.

சுரங்கத்தில் ஆள் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் சில வாரத்துக்கு ஒருமுறை ஒரு டன் நிலக்கரி வரும். வேலையோடு சேர்ந்த உரிமை அது. லாரிக்காரன் வீட்டுக்கு முன்னால் தெருவில் கொட்டிவிட்டுப் போய்விடுவான். ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள். பின்பக்கக் கரிக்கொட்டிலுக்குக் கொண்டுபோக வீட்டு நடையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். நடை முழுக்கப் பழைய செய்தித்தாளை விரிப்போம். கொட்டுகிற சத்தம் கேட்டதும் கதவுகள் திறக்கும், அவரவர் வாளியோடு வந்துவிடுவார்கள். யாரையும் கூப்பிட வேண்டாம். யாருக்கும் நன்றி சொல்லக் கூடாது, சொன்னால் "நான் என்னடி விருந்தாளியா?" என்று சண்டைக்கு வருவார்கள். இருட்டுவதற்குள் ஒரு துண்டுகூடத் தெருவில் இருக்கக் கூடாது. முடிந்ததும் தெருக்கல்லைக் கழுவிவிட்டு அந்த வீட்டுப் படியில் உட்கார்ந்து தேநீர்.

'நாளைக்கு' வில்லைப் பற்றியும் எழுதினேன். எதைக் கேட்டாலும் நாளைக்கு என்பான், அதனால் அந்தப் பெயர். அவன்கூடக் கரி என்றால் இன்றைக்கே வந்து நிற்பான், சேப்பலில் பாட முடியாத பாட்டு ஒன்றும் பாடுவான். வாளிக்கும் ஒரு சட்டம் இருந்தது. இரவல் வாங்கிய வாளியைக் கழுவித் துடைத்துத்தான் திருப்பித் தர வேண்டும். கரித்தூளோடு அப்படியே படியில் வைத்துவிட்டுப் போகிற உரிமை கூடப்பிறந்தவளைப் போன்ற ஒருத்திக்குத்தான் உண்டு.

கடைசி வரி: 'ஆல்மா தெருவில் யாருடைய கரியும் கேட்பாரற்றுக் கிடந்ததில்லை.'

நன்றாகத்தான் வந்திருக்கிறது. திருப்பிப் படித்தபோது எனக்கே கண் கலங்கியது. வெட்கம்கெட்ட கண்.

செப்டம்பர் 6

சரியாகத் தூங்கவில்லை. அந்தக் கடைசி வரிதான்.

செப்டம்பர் 11, புதன்

சியான் எழுதியதை வாங்கிப்போக வந்தாள். நின்றபடியே படித்து மூக்கை உறிஞ்சினாள். "அருமை ஆன்ட்டி. ஒரு கண்ணுகூட நனையாம இருக்காது அன்னிக்கு."

கிளம்பும்போது வாசலில் நின்று சும்மா சொல்வதுபோலச் சொன்னாள்: "எதிர்வீட்டு மிசஸ் பெய்னன் போறாங்க தெரியுமா? வீடு வித்தாச்சு. மக கூட்டிட்டுப் போறா, ஹெரிஃபோர்டுக்கு. அடுத்த மாசம் பதினெட்டு."

தெரியாது. தெரு அகலம் இருபது அடி. அவள் வீட்டில் எந்த விளக்கு எப்போது எரிகிறது, எந்தக் கிழமை துணி காய்கிறது, எல்லாம் எனக்குத் தெரியும். வீட்டை விற்றது தெரியவில்லை. யார் சொல்வார்கள்? ஆவ்ரில் பெய்னனைப் பற்றி என்னிடம் பேசக் கூடாது என்பது ஊருக்கே தெரியும். முப்பத்தொன்பது வருடம்.

பதினெட்டாம் தேதி. ஐந்து வாரம் இருக்கிறது.

செப்டம்பர் 14, சனி

எழுதாமல் இருந்தால் மட்டும் மறந்துவிடுமா?

ஆவ்ரிலும் நானும் மூன்று வார இடைவெளியில் பிறந்தவர்கள். சேப்பல் ஊர்வலத்துக்கு ஒரே துணியில் இரண்டு உடை தைப்பார்கள், அம்மாக்களுக்கு மலிவு என்பதால். அவள் இட்வலின் நண்பன் கிளைவைக் கட்டினாள், நான் கிளைவின் நண்பன் இட்வலைக் கட்டினேன். எதிரெதிர் வீடு. அவள் சிரித்தால் என் சமையலறையில் கேட்கும்.

எண்பத்துநான்கில் சுரங்க வேலைநிறுத்தம் வந்தது. தொழிலாளர் மன்றத்தில் கஞ்சித் தொட்டி திறந்தோம். அப்போது எங்கள் தெருவிலேயே இருந்த தெல்மா தலைமை, நானும் ஆவ்ரிலும் உருளைக்கிழங்கு. தினம் இருநூறு பேருக்கு. தோலை அவள் வீட்டுக் கோழிகளுக்கு என் வாளியில் எடுத்துப்போவாள். நீலப் பெயின்டில் என் பெயரின் முதல் எழுத்தை இட்வல் போட்டுக் கொடுத்த வாளி. ஒருநாள் கோணல்மாணலான ஒரு கிழங்கைத் தூக்கிக் காட்டி, "மேனேஜர் மூக்கு! சீவிடட்டுமா?" என்றாள். தெல்மாகூடச் சிரித்தாள்.

பதினோரு மாதம் தாங்கினோம். எண்பத்தைந்து பிப்ரவரியில், இன்னும் மூன்று வாரத்தில் எல்லாம் முடியப்போகிற நேரத்தில், கிளைவ் கல்லெறிக்குப் பயந்து கம்பிவலை போட்ட பேருந்தில் ஏறி வேலைக்குப் போய்விட்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஒரு காரணம் இருந்து தொலைக்குமோ என்று பயம்.

மறுநாள் காலையில் ஆவ்ரில் எப்போதும்போலக் கத்தியோடு மன்றத்துக்கு வந்தாள். அவள் கையிலிருந்து தெல்மா கத்தியைப் பிடுங்கினாள். "இது கருங்காலிக்குச் சோறு போடுற எடமில்ல. போ."

ஆவ்ரில் என்னைப் பார்த்தாள். நான் உருளைக்கிழங்கைப் பார்த்தேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இன்றைக்கு மீதியையும் எழுதிவிடுகிறேன்.

வேலைநிறுத்தம் தோற்றது. ஏப்ரலில் மறுபடி கரி வர ஆரம்பித்தது. எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை மதியம், ஆவ்ரில் வீட்டுக்கு முன்னால் ஒரு டன் கொட்டினார்கள். கிளைவ் வேலையில் இருந்தான். மழை.

கொட்டின சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. ஒரு கதவும் திறக்கவில்லை.

ஆவ்ரில் வெளியே வந்தாள். குவியலைப் பார்த்தாள். உள்ளே போய்ச் செய்தித்தாள் விரித்துவிட்டு வந்தாள். ஒற்றை வாளி. என் வாளி. ஒரு டன் கரி ஒற்றை வாளியில் எத்தனை நடை என்று யோசித்துப் பார். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று எண்ணினேன், முப்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை. மெதுவாகத்தான் தூக்கினாள். ஒவ்வொரு நடைக்கும் வாசலில் ஒரு நிமிடம் நிற்பாள். முடியாமல் நிற்கிறாள் என்று நினைத்தேன்.

இதுவரைக்கும் ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியாததுதான் என் நெஞ்சில் கிடக்கிறது. யார் கேட்டாலும், "எனக்குப் போகணும்னுதான் இருந்துச்சு, இட்வல் விடல. சங்கக் கமிட்டி ஆளு, எப்படி விடுவார்?" என்றே இத்தனை வருடமும் சொல்லி வந்திருக்கிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்லியிருக்கிறேன். அவர் மறுத்ததில்லை.

நடந்தது அதுவல்ல. இட்வல் என் பின்னால் வந்து நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தார். "ஒத்தையா தூக்குறா நெஸ். போறதுன்னா போ. கமிட்டில கேட்டா நான் பாத்துக்கறேன்."

"தெல்மா பாத்துட்டிருக்கா," என்றேன் நான்.

அவ்வளவுதான். தெல்மா பார்த்துக்கொண்டிருந்தாள், பதினோரு பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஊரோடு ஒத்துப்போனேன். இட்வல் கொஞ்சநேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே போனார். சாயங்காலம் கையெல்லாம் கரியாக வந்தார். "நம்ம கொட்டில ஒழுங்கா அடுக்கினேன்," என்று சொல்லிக் கைகழுவினார்.

இட்வல், இத்தனை வருடம் என் பழியைச் சுமந்தீர்களே. ஒருநாள் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே.

செப்டம்பர் 19

சியானுக்குப் போன் போட்டேன். கடைசி வரியை எடுத்துவிடச் சொன்னேன். அச்சுக்குப் போயாச்சாம்.

"அது பொய் சியான்."

"ஐயோ ஆன்ட்டி, ஒரு வரிதானே. நல்லதை நினைக்கறதுக்குத்தானே இந்தப் புத்தகம்."

செப்டம்பர் 28, சனி

இன்று எதிர்வீட்டுக்குப் போனேன். அதாவது, பாதி வரை போனேன். நல்ல கோட்டு, தடி, கையில் கல்லில் சுட்ட திராட்சைக் கேக் ஆறு, மெழுகுத்தாளில் சுற்றி. நடுத்தெருவில் பார்சல் வண்டிக்காரன் ஹார்ன் அடித்தான். "பாட்டி, போறீங்களா வரீங்களா?" என்றான். நல்ல கேள்வி. திரும்பி வந்துவிட்டேன்.

கேக்கை நானே தின்றேன், ஆறையும். நெஞ்செரிச்சல்.

அக்டோபர் 7

இன்னும் பதினொரு நாள். எதிரே வாசலில் அட்டைப்பெட்டிகள். மகள் காரிஸ் வந்து போகிறாள், என்னைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறாள். குற்றம் சொல்ல முடியாது. அன்று அவளுக்கு ஒன்பது வயது. நடையில் செய்தித்தாள் விரிக்க ஆவ்ரிலுக்குக் கைகொடுத்தது அவள்தான் என்று இப்போது ஞாபகம் வருகிறது.

அக்டோபர் 12, சனி

போய்விட்டு வந்தாகிவிட்டது.

பின்கூடத்தில் நாற்பது பேர். பெரிய தேநீர் அண்டா, அதே பச்சைக் கோடு போட்ட கோப்பைகள். தெல்மாவைச் சக்கர நாற்காலியில் முன்வரிசையில் வைத்திருந்தார்கள். எண்பத்தேழு வயது, கண் மட்டும் அதே கண். ஆவ்ரில் இல்லை. அந்தப் பிப்ரவரிக்குப் பிறகு அவள் பெத்தானியாவுக்குள் காலெடுத்து வைத்ததில்லை.

வாசித்தேன். 'நாளைக்கு' வில்லுக்குச் சிரித்தார்கள். தேநீரும் படியும் வந்தபோது கைக்குட்டைகள் வெளியே வந்தன. கடைசி வரி வந்தது. தாளைக் கீழே வைத்தேன். சியான் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"கடைசி வரி பொய்," என்றேன். "ஒருத்தியோட கரி கெடந்துச்சு. ஆவ்ரில் பெய்னனோடது. பட்டப்பகல்ல, மழையில. நாம எல்லாரும் திரைக்குப் பின்னால நின்னோம். இட்வல் விடலன்னு இத்தனை வருஷமா சொல்லிட்டு வந்தேன். அதுவும் பொய். அவரு போன்னுதான் சொன்னாரு. நான்தான் போகல. உங்களுக்குப் பயந்து போகல."

யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள். தெல்மா பேரனைப் பார்த்து, "தள்ளுடா வண்டிய," என்றாள். என்னைத் தாண்டும்போது நிறுத்தச் சொன்னாள்.

"கிளைவ் கருங்காலி. அது மாறாது."

"ஆமா தெல்மா. மாறாது. ஆனா கரி தூக்கினது அவ."

போய்விட்டாள். யாரும் கைதட்டவில்லை. சியான் முகம் சிவந்து கேக் தட்டை நீட்டிக்கொண்டே அலைந்தாள், பாவம். வீட்டுக்கு வந்து செருப்போடு படுத்தேன்.

சொல்ல வேண்டியவளிடம் சொல்லவில்லை. ஊரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இதிலும் கோழைதான்.

அக்டோபர் 14

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ரொட்டிக்கடையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. ஆக, எதிர்வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். ஜன்னல் திரை அசையவில்லை.

அக்டோபர் 16, புதன்

உடம்பில் வலிக்காத இடமில்லை. ஆனால் இதை இன்றே எழுத வேண்டும்.

மதியம் ஒரு மணிக்குக் கரி வண்டி வந்தது. இப்போதெல்லாம் கொட்டுவதில்லை, பிளாஸ்டிக் மூட்டையில் வரும். சுரங்கக்காரர்களின் விதவைகளுக்கு இன்னும் அந்த உரிமை இருக்கிறது. எனக்குத்தானோ என்று எழுந்தேன். இல்லை, ஆவ்ரில் வீட்டு வாசலில் பத்து மூட்டையை இறக்கிவிட்டுப் போய்விட்டான். இரண்டு நாளில் காலியாகப் போகிற வீட்டுக்கு! எங்கேயோ யாரோ நிறுத்தச் சொன்ன தாளைப் பார்க்கவில்லை.

தூறல் ஆரம்பித்தது. தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. இந்த முறை கோபம் ஒன்றும் இல்லை; வீடுகளில் ஆள் இல்லை, இருந்தவர்களுக்கு அது என்னவென்றே தெரியாது.

நான் எதையும் யோசிக்கவில்லை. தரை துடைக்கிற வாளியையும் காய்கறிக் கத்தியையும் எடுத்துக்கொண்டு போனேன். மூட்டையைத் தூக்க என்னால் ஆகாது. அறுத்து, பாதிப் பாதி வாளியாக அள்ளினேன். அவள் கதவு திறந்தே இருந்தது. நடையில் அட்டைப்பெட்டிகள். நேராகப் பின்பக்கம் போய்க் கொட்டிலில் கொட்டினேன். சமையலறையைத் தாண்டும்போது ஓரக்கண்ணில் தெரிந்தாள், மேசை முன்னால், கோட்டோடு. பதினோரு நடை. இரண்டு மூட்டைதான் காலியாகியிருந்தது. பன்னிரண்டாவதற்கு முழங்கால் மடங்கி நடையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் வந்து என் தலைக்கு மேல் நின்றாள்.

"பைத்தியக்காரி," என்றாள் ஆவ்ரில். "வெள்ளிக்கிழமை நான் போறேன். இந்தக் கரிய வச்சு நான் என்ன, பூசணிக்காயா வளக்கப் போறேன்?"

"மொத வாளிலயே சொல்லியிருக்கலாமே!"

"எத்தனை தூக்குறேன்னு பாத்தேன்."

நியாயம்தான். சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்துவிட்டது. அவள் என்னைத் தூக்கிவிடவில்லை. அவளும் கஷ்டப்பட்டு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தாள்.

"ஊர் முன்னாடி சொன்னியாமே."

"சொன்னேன். இட்வல் போன்னு சொன்னாரு ஆவ்ரில். நான்தான்..."

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"அவனே சொன்னான். அன்னிக்குச் சாயங்காலம் பின்சந்து வழியா வந்தான்டி உன் புருஷன். நான் தூக்கிட்டு வந்து பின்கட்டுல கொட்டிவச்சதையெல்லாம் அவன்தான் கொட்டிலுக்குள்ள அள்ளிப் போட்டான். நெஸ் எங்கன்னு கேட்டேன். அவ வரமாட்டான்னான். யார்கிட்டயும் சொல்லாதன்னும் சொன்னான். கமிட்டிக்காகன்னு நெனச்சேன். இல்ல, உனக்காகத்தான். நீ வெக்கப்படுவேன்னு."

அன்றைக்கு இட்வல் கையெல்லாம் கரியாக வந்து நின்றது. நம்ம கொட்டில அடுக்கினேன் என்றது. எங்கள் கரி ஒரு வாரம் முன்னாலேயே அடுக்கியாகியிருந்ததே! எனக்கு ஏன் தோன்றவே இல்லை? தோன்ற விடவில்லை, அதுதான்.

"அவன் தூக்கினான்," என்றாள் ஆவ்ரில். "ஆனா நான் அவனையா எதிர்பாத்தேன்? ஒரு டன்ன நானே தூக்கிடுவேன்டி, அன்னிக்கு இருந்த ஒடம்புக்கு. நீ வருவேன்னுதான் மெதுவா தூக்கினேன். ஒவ்வொரு வாளிக்கும் வாசல்ல நின்னேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அந்த ஒரே சொல்லை மூன்று தடவை சொன்னேன்.

"மன்னிச்சுட்டேன்னு எழுதிவச்சுக்காத," என்றாள். "முப்பத்தொம்போது வருஷம். அவ்வளவு சீக்கிரம் வராது." பிறகு எழுந்து கொட்டிலுக்குள் போய் எதையோ தேடினாள். வெளியே வந்தபோது கையில் துருப்பிடித்த வாளி. நீலப் பெயின்டில் பாதி எழுத்து இன்னும் இருந்தது.

"இந்தத் தெருவுல இருக்கப் போறவ நீதான். குளிருக்கு உனக்குத்தான் வேணும். எந்திரி, உன் வீட்டுக்குத் தூக்குவோம்."

அவள் அந்த வாளியில், நான் இந்த வாளியில். நடுத்தெருவில் பார்சல் வண்டிக்காரன் நின்றான். இன்றைக்கு ஹார்ன் அடிக்கவில்லை. இருட்டும்போது இன்னும் ஏழு மூட்டை தெருவிலேயே கிடந்தது. ஆல்மா தெருவின் சட்டம் உடைந்தது. இரண்டு கிழவிகளுக்கும் அதற்குமேல் முடியவில்லை.

அக்டோபர் 17

எழுந்திருக்க முடியவில்லை. ஏழு மூட்டையையும் சியானின் கணவன் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டினான். நன்றி என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

அக்டோபர் 18, வெள்ளி

ஒன்பது மணிக்குக் கார் கிளம்பிவிட்டது. கையசைக்க மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் திருப்பத்தைத் தாண்டிவிட்டது. பாழாய்ப்போன முழங்கால். காரிஸ் தலையைத் திருப்பிக்கொண்டாளா என்றுகூடத் தெரியவில்லை.

கதவைத் திறந்தால் படியில் நீல எழுத்து வாளி. உள்ளே அடியில் விரல் கனத்துக்குக் கரித்தூள். அவள் வீட்டில் தண்ணீர் இன்றைக்குத்தான் நிறுத்துகிறார்கள், நேற்று வரை குழாய் வந்தது. கழுவ வேண்டும் என்று நினைத்திருந்தால் கழுவியிருக்கலாம்.

அப்படியே உள்ளே எடுத்து வைத்தேன்.

நவம்பர் 4, திங்கள்

முதல் உறைபனி. எதிர்வீட்டுக்கு ஆள் வந்தாகிவிட்டது, திரைக்குப் பதில் வேறு என்னவோ மாட்டியிருக்கிறார்கள். ஆவ்ரில் வீட்டுக் கரியில் இன்றைக்குத்தான் முதல் தீ மூட்டினேன். புகை கொஞ்சம் அதிகம்.

நாலு மணிக்குப் போன் அடித்தது. ஹெரிஃபோர்டிலிருந்து. வீடு முழுக்கச் சுடுநீர்க் குழாயாம், எங்கே உட்கார்ந்தாலும் ஒரே சூடாம், பார்ப்பதற்கு ஒரு தீ இல்லையாம். பத்து நிமிடம் குறைப்பட்டாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வாளியக் கழுவிட்டியா?"

"இல்ல."

"கழுவித் தொலச்சுடாத," என்று வைத்துவிட்டாள்.